வாங்குவதா, வாடகை கொடுப்பதா?

ஒரு பண்டத்திற்கு விலை கொடுத்து அதைச் சொந்தமாக்கிக் கொள்வது ஒரு முறை. அதை உபயோகிக்கும் காலம் முழுவதும் வாடகை செலுத்தி வருவது மற்றொரு முறை. இவ்விரண்டும் உலகில் நெடுங்காலமாக இருந்து வருபவை. வீட்டிலும் நிலத்திலும் வண்டியிலும் இரண்டிற்கும் இடமுண்டு. அவரவர் வசதிக்கு ஏற்றதை அவரவர் தேர்ந்து கொள்கின்றனர். ஆனால் எழுதுகோலையும் கணக்குப் புத்தகத்தையும் வாடகைக்கு எடுத்தவர்களைப் பற்றி நமது முன்னோர் கேள்விப்பட்டதில்லை. அந்தப் புதுமை நமது காலத்தில் வந்திருக்கிறது. டேப்லட் என்னும் பலகைக் கணினியில் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், கூட்டத்தில் காட்டுவதற்குப் படத்தாள்கள் தயாரிக்கவும் உதவுகிற ஆபீஸ் மென்பொருள்களில் மிகப் பிரபலமானவற்றை இன்று மொத்த விலைக்கு வாங்க இயலாது. மாதச் சந்தாவோ வருஷச் சந்தாவோ கட்டியாக வேண்டும்.

இது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமானைப் பற்றிய விஷயம் என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. தொழிற்சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவு, வாசகசாலையின் புத்தகப் பட்டியல், வழக்கறிஞரின் மனு, ஆசிரியரின் பாடக் குறிப்பு ஆகிய யாவும் இன்று இத்தகைய சாதனங்களிலேயே எழுதப்படுகின்றன. ஒரு சமூகம் தன் எழுத்தை எந்தப் பெட்டியில் வைக்கிறதோ, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பொதுக் காரியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டிய கேள்வி.

இந்த வழக்கம் எவ்விதம் வந்தது?

2010 ஏப்ரல் 3-ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஐபேட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அன்றே பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் என்னும் மூன்று ஆபீஸ் மென்பொருள்களையும் அக்கம்பெனி தனித்தனியே 9.99 டாலருக்கு விற்றது. ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். பின்னர் வந்த திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. ஆக, டேப்லட்டில் ஆபீஸ் மென்பொருளை நேர் விலைக்கு விற்பது சாத்தியமற்ற காரியம் அன்று. தொடக்கத்தில் அதுவே வழக்கமாக இருந்தது.

ஆபீஸ் மென்பொருளில் உலகப் பெரு முதலாளியான மைக்ரோசாப்ட் கம்பெனி ஏறக்குறைய நான்கு வருஷ காலம் வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் மூன்றையும் ஐபேட்டுக்குக் கொடுக்கவில்லை. 2012 அக்டோபரில் சர்பேஸ் ஆர்.டி. என்னும் தனது சொந்த டேப்லட்டைக் கொண்டு வந்தபோது, அதனுடன் ஆபீஸையும் சேர்த்தே கொடுத்தது. அதற்குச் சந்தா கிடையாது. பின்னர், ஹைதராபாத்தில் பிறந்த சத்ய நாதெள்ளா அக்கம்பெனியின் தலைமையை ஏற்ற சில வாரங்களில், 2014 மார்ச் 27-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஐபேட்டுக்குரிய ஆபீஸை வெளியிட்டார். அதன் நிபந்தனை விசித்திரமானது. வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் மூன்றையும் யாரும் இலவசமாகப் பெறலாம். பத்திரங்களைத் திறந்து வாசிக்கலாம். ஆனால் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானால் சந்தா செலுத்த வேண்டும். வாசிப்பவனுக்கு வரியில்லை, எழுதுகிறவனுக்கு வரி உண்டு என்பதே அதன் சாரம்.

அதே வருஷம் நவம்பரில் அக்கம்பெனி சிறிது இறங்கி வந்து, சாதாரணத் திருத்த வேலைகளை இலவசமாக அனுமதித்தது. ஆனால் அந்தச் சலுகைக்கும் பிறகு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. திரையின் அளவு 10.1 அங்குலம் வரை இருந்தால் இலவசம். அதற்கு மேற்பட்டால் சந்தா. 2015-இல் 12.9 அங்குலத் திரையுடன் வந்த ஐபேட் ப்ரோவை வாங்கியவர்கள் இந்த எல்லைக்கு வெளியே நின்றனர். பெரிய சாதனம் வாங்குகிறவர் தொழில் செய்கிறவர், கொடுக்கக் கூடியவர் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் 2019 செப்டம்பரில் நேர்ந்ததைப் பாருங்கள். ஆப்பிள் கம்பெனி தனது மலிவான சாதாரண ஐபேட்டின் திரையை 9.7 அங்குலத்திலிருந்து 10.2 அங்குலமாக அகட்டியது. பள்ளிப் பிள்ளைகள் கையிலுள்ள சாதனம், அரை அங்குலம் வளர்ந்த காரணத்தினால், எல்லைக் கோட்டைத் தாண்டிச் சந்தாக்காரர் பக்கம் போய்விட்டது. உபயோகிப்பவரின் தொழிலையும் வருமானத்தையும் பாராமல், கையிலுள்ள கண்ணாடியை அளவுகோல் கொண்டு அளந்து விதிக்கப்படும் கட்டணம் இது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

அபிப்பிராயம் சொல்லுமுன் கணக்கைப் பார்ப்பது நியாயம். மைக்ரோசாப்ட் கம்பெனி மேஜைக் கணினிக்கு இன்னமும் ஒரு நேர் விலைப் பதிப்பை விற்கிறது. 2024 அக்டோபரில் வெளிவந்த ஆபீஸ் ஹோம் 2024-இன் விலை அமெரிக்காவில் 149.99 டாலர், ஒரே கணினிக்கு உரியது, ஐந்து வருஷ காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். தனி மனிதருக்குரிய மைக்ரோசாப்ட் 365 பெர்ஸனல் சந்தாவோ 2025 முதல் வருஷத்திற்கு 99.99 டாலர். ஐந்து வருஷத்தில் 499.95 டாலர். ஆகவே, ஒரு கணினியில் கடிதமும் கணக்கும் எழுதி முடிக்கும் தனி மனிதர் சந்தா முறையில் மூன்று மடங்குக்கும் அதிகமாகக் கொடுக்கிறார்.

ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் காட்டாமல் விடுவது நேர்மையன்று. ஆறு பேர் வரை பகிர்ந்து கொள்ளக்கூடிய குடும்பச் சந்தா வருஷத்திற்கு 129.99 டாலர். ஐந்து வருஷத்திற்கு 649.95 டாலர், ஆறு பேருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 108 டாலர் ஆகிறது. ஆறு பேரும் தனித்தனியே நேர் விலைப் பதிப்பை வாங்கினால் சுமார் 900 டாலர் செலவாகும். மேலும், சந்தாக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் அளவுள்ள சேமிப்பிடமும், டேப்லட், தொலைபேசி, கணினி யாவற்றிலும் உபயோகிக்கும் உரிமையும் கிடைக்கின்றன. ஆகவே, சந்தா என்றாலே கொள்ளை என்று பேசுவது கணக்கறியாதவர் பேச்சு. பெரிய குடும்பத்திற்கு அது மலிவு. தனி மனிதருக்கு அது கிராக்கி. இவ்வளவே உண்மை.

நமது ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. 149.99 டாலர் கொடுத்து நேர் விலைப் பதிப்பை வாங்கியவர், தம்முடைய பெரிய டேப்லட்டில் அதே வேர்டைத் திறந்து ஒரு வரி திருத்த முற்பட்டால், அவர் கொடுத்த விலை அங்கே செல்லாது. சந்தா கட்டு என்றே பதில் வருகிறது. மேஜைக்கு ஒரு நீதி, டேப்லட்டுக்கு ஒரு நீதி. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று தேர்ந்து கொள்ளும் உரிமை மேஜைக் கணினியில் இருக்கும்போது டேப்லட்டில் ஏன் இல்லாமற் போயிற்று?

கம்பெனிகளின் வாதம்

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. டேப்லட்டின் ஆதார மென்பொருள் வருஷந்தோறும் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஆபீஸ் மென்பொருளைச் செப்பனிட வேண்டியிருக்கிறது. பாதுகாப்பிலுள்ள ஓட்டைகளை இடைவிடாது அடைக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை வாங்கிய பணத்தைக் கொண்டு பத்து வருஷம் ஊழியம் செய் என்றால், எந்தத் தொழிலாளியும் உடன்பட மாட்டான். மென்பொருள் எழுதுகிறவனும் கூலி பெற வேண்டிய தொழிலாளியே.

முன்னாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. சில வருஷங்களுக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். பழைய பதிப்பை வாங்கியவருக்குக் குறைந்த விலையில் அது கிடைக்கும். வேண்டாதவர் பழையதையே வைத்துக் கொள்ளலாம். ஐபேட்டுக்கு மென்பொருள் விற்கும் ஆப்பிளின் கடையில், பழைய வாடிக்கைக்காரருக்கு இப்படி விலை குறைத்துக் கொடுக்க நேரான ஏற்பாடு செய்யப்படவில்லை. அத்துடன், அக்கடையில் நடக்கும் விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கைத் தரகாக எடுத்து வந்த ஆப்பிள், ஒரு வருஷத்திற்கு மேல் நீடிக்கும் சந்தாக்களுக்கு மட்டும் அதை 15 ஆகக் குறைப்பதாக 2016-இல் அறிவித்தது. கடைக்காரனே வாடகை முறைக்குச் சலுகை கொடுத்தால் வியாபாரி எந்தப் பக்கம் சாய்வான் என்று கூற வேண்டுவதில்லை. அதற்கு முன்னரே, 2013 மே மாதம், அடோபி கம்பெனி தனது ஓவிய மென்பொருள் தொகுதியின் புதிய பதிப்புகளை இனி நேர் விலைக்கு விற்பதில்லை என்று அறிவித்து வழிகாட்டியிருந்தது.

சொந்தம் என்பதன் குறை

நேர் விலைக்கு வாங்கியவர்கள் யாவரும் சுகமாக இருந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். மைக்ரோசாப்ட் வராத காலத்தில் குவிக்ஆபீஸ் என்னும் மென்பொருளைப் பலர் விலை கொடுத்து வாங்கினார்கள். 2012-இல் கூகிள் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2013-இல் மென்பொருளை இலவசமாக்கியது. 2014-இல் அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2017-இல் ஐ.ஓ.எஸ். 11 வந்தபோது, பழைய 32-பிட் முறையில் அமைந்த மென்பொருள்கள் யாவும் அதற்கு மாறிய ஆப்பிள் சாதனங்களில் ஓடாமல் நின்றன. விலை கொடுத்த ரசீது கையில் இருந்தது; பண்டம் செத்துவிட்டது. சந்தா இல்லாத ஆபீஸுடன் வந்த சர்பேஸ் ஆர்.டி.யின் கதியும் அதுவே. அதற்கு விண்டோஸ் 10 கொடுக்கப்படவில்லை. 2023-இல் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன.

இதிலிருந்து விளங்குவது என்ன? டேப்லட்டில் மென்பொருளை விலைக்கு வாங்குவது, அயலான் நிலத்தின் மீது சொந்த வீடு கட்டிக் கொள்வதை ஒக்கும். சுவர் நம்முடையது, மனை அவனுடையது. மனைக்காரன் மண்ணைப் புரட்டினால் சுவர் விழும். ஆகையால் நேர் விலை முறையை மட்டும் மீட்டுவிட்டால் சுதந்திரம் வந்துவிடும் என்று நம்புவது பேதைமை.

அபாயம் எங்கே இருக்கிறது?

வாடகை வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரன் தன் பாத்திர பண்டங்களை எடுத்துக்கொண்டு போகிறான். ஆபீஸ் சந்தாவை நிறுத்தியவருக்கு நேர்வது வேறு. அவர் எழுதிய பத்திரங்கள் அழிந்து போவதில்லை என்பது உண்மை. கம்பெனி அவற்றைப் பறித்துக் கொள்வதும் இல்லை. ஆனால் மேஜைக் கணினியில் சந்தா காலாவதியானால் வேர்டும் எக்ஸெலும் குறைந்த உபயோக நிலைக்குப் போய்விடுகின்றன. திறக்கலாம், வாசிக்கலாம், அச்சிடலாம். திருத்தவும் புதிதாக எழுதவும் முடியாது. பெரிய டேப்லட்டிலும் திருத்தும் உரிமை சந்தாவுடன் போய்விடுகிறது. பத்து வருஷக் கணக்கைத் தன் கையால் எழுதி வைத்த சங்கக் காரியதரிசி, பதினோராம் வருஷம் சந்தா கட்டத் தவறினால், தன் கணக்கைத் தானே வேடிக்கை பார்க்கலாம்; தொட முடியாது. சந்தாவின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஒருவன் எவ்வளவு அதிகமாக எழுதிச் சேர்க்கிறானோ, அவ்வளவுக்கு அவன் வெளியேறுவது கடினமாகிறது. வெளியேற இயலாதவனிடம் வாடகையை உயர்த்துவது எளிது.

உயர்த்தவும் செய்தார்கள். 2025 ஜனவரியில் மைக்ரோசாப்ட் கம்பெனி, கோபைலட் என்னும் செயற்கை அறிவு உதவியாளனைச் சந்தாவுடன் சேர்த்து, அமெரிக்காவில் பெர்ஸனல் சந்தாவை 69.99 டாலரிலிருந்து 99.99 டாலருக்கு ஏற்றியது. ஆஸ்திரேலியாவில் அதே சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆயிற்று. நூற்றுக்கு 45 உயர்வு. அந்த உதவியாளனைக் கேட்டவரும் கேட்காதவரும் கூடுதல் கட்டணத்தை எதிர்கொண்டனர்.

ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் கமிஷன் இதைச் சும்மா பார்த்துக் கொண்டிருக்கவில்லை. 2025 அக்டோபரில் அந்நாட்டு பெடரல் கோர்ட்டில் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. உதவியாளன் இல்லாத பழைய சந்தாவைப் பழைய கட்டணத்திலேயே தொடர ஒரு மூன்றாவது வழி இருந்தும், அதை வெளிப்படையாகச் சொல்லாமல், உயர்ந்த கட்டணத்தைக் கொடு அல்லது விலகு என்று இரண்டு வழிகளை மட்டும் காட்டிச் சுமார் 27 லட்சம் சந்தாக்காரர்களைத் தவறான எண்ணத்திற்கு உள்ளாக்கியதாகக் கமிஷன் குற்றஞ்சாட்டியது. விலகத் தொடங்கியவர் கண்ணுக்கு மட்டுமே அந்த மூன்றாவது வழி தென்பட்டது என்பது வழக்கின் சாரம். நவம்பரில் அக்கம்பெனி ஆஸ்திரேலியச் சந்தாக்காரர்களிடம் மன்னிப்புக் கோரி, பழைய திட்டத்திற்கு மாறுகிறவர்களுக்குக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தெரிவித்தது. வலுவுள்ள ஒரு பொது ஸ்தாபனம் கேள்வி கேட்டால் எவ்வளவு பெரிய கம்பெனியும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

விடுதலைக்கு வழி

மாற்று இல்லாத இடத்திலேயே அடிமைத்தனம் வேரூன்றும். இங்கே மாற்று இருக்கிறது. ஆப்பிளின் மூன்று மென்பொருள்களும் 2013-இல் புதிய சாதனம் வாங்கியவர்களுக்கும், 2017-இல் எல்லோருக்கும் இலவசமாயின. அதன் செலவு சாதனத்தின் விலையில் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கலாகாது. 2010-இல் பிறந்த லிபர்ஆபீஸ் என்னும் சுதந்திர மென்பொருளை எவரும் விலையின்றி எடுத்துக் கொள்ளலாம். அதன் மூல நிரலையே திறந்து பார்த்துத் திருத்தலாம். அதனை ஆதாரமாகக் கொண்ட கொலாபரா ஆபீஸ் டேப்லட்டிலும் ஓடுகிறது. லிபர்ஆபீஸ் தனக்குரியதாகக் கொண்டுள்ள ஓ.டி.எப். என்னும் பத்திர வடிவம் 2006-இல் சர்வதேசத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. எந்தக் கம்பெனி இருந்தாலும் போனாலும் அவ்வடிவிலுள்ள எழுத்தைத் திறக்க ஒரு மென்பொருளை எவரும் செய்து கொள்ளலாம்.

ஜெர்மனியின் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில சர்க்கார், தனது சுமார் 30,000 கணினிகளில் மைக்ரோசாப்ட் ஆபீஸை விட்டு லிபர்ஆபீஸுக்கு மாறுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. கணினித் துறையில் தன்னாட்சி வேண்டும் என்பதே அது சொன்ன முக்கியக் காரணம். இந்தப் பாதை எளிது என்று நாம் சொல்லவில்லை. அதே ஜெர்மனியில் மியூனிக் நகரசபை 2003-இல் சுதந்திர மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்து, 2017-இல் மறுபடியும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. உறுதியும் பயிற்சியும் இல்லாவிடில் தீர்மானங்கள் காகிதத்தில் நின்றுவிடும்.

நமது நாட்டில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ கம்பெனி 2005 முதல் ரைட்டர் என்னும் எழுது மென்பொருளை வழங்கி வருகிறது. 2025 செப்டம்பரில் மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் தாம் ஸோஹோவுக்கு மாறுவதாகப் பகிரங்கமாகக் கூறியபோது நாடு முழுவதும் அதன் பெயர் அடிபட்டது. நம்மவர் முயற்சி தழைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கம்பெனியும் ஸ்தாபனங்களுக்குச் சந்தா முறையிலேயே சேவை செய்கிறது. வீட்டுக்காரன் நம் ஊர்க்காரன் என்பதனால் வாடகை வாடகையல்லாமற் போய்விடாது. அந்நியக் கம்பெனியிடம் நாம் கேட்கும் அதே கேள்விகளைச் சுதேசிக் கம்பெனியிடமும் கேட்க வேண்டும். அதுவே சுதேசியத்திற்குப் பெருமை.

நாம் கோருவது

குடியானவனுக்கும் நிலச் சொந்தக்காரனுக்கும் இடையே குத்தகைச் சட்டம் உண்டு. வீட்டுக்காரனுக்கும் குடித்தனக்காரனுக்கும் இடையே வாடகைச் சட்டம் உண்டு. மென்பொருள் வாடகைக்கும் அத்தகைய நியாயம் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. மேஜைக் கணினிக்கு நேர் விலைப் பதிப்பு விற்கும் கம்பெனி, டேப்லட்டுக்கும் அதை விற்க வேண்டும். விலையை நியாயமாக அது நிர்ணயித்துக் கொள்ளட்டும். சந்தாவை நிறுத்தியவர் தாம் முன்பு எழுதிய பத்திரங்களைத் திருத்தும் உரிமையை இழக்கலாகாது. புதிய வசதிகளை மட்டுமே இழக்கலாம். கட்டணத்தை உயர்த்தும்போது, பழைய கட்டணத்தில் கிடைக்கக்கூடிய வழி ஏதேனும் இருந்தால் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். பொதுப் பணத்தில் மென்பொருள் வாங்கும் சர்க்கார் ஆபீஸ்களும் பள்ளிகளும் தங்கள் பத்திரங்களைப் பொது வடிவில் ஒரு பிரதி வைத்துக் கொள்ள வேண்டும்.

சட்டம் வரும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் வாசகசாலையும் இந்த வாரமே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. நடவடிக்கைக் குறிப்புகளையும் கணக்குகளையும் ஓ.டி.எப். வடிவில் ஒரு பிரதி எடுத்துத் தன் வசம் வைத்துக் கொள்ளட்டும். அதன் பிறகு சந்தா கட்டுவதானாலும் கட்டட்டும். ஆறு பேர் கூடிப் பகிர்ந்தால் அது லாபம் என்று மேலே காட்டியிருக்கிறோம். வெளியேறும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு வாடகை கொடுப்பவன் வாடிக்கைக்காரன். அந்த வழி அடைபட்ட பின் கொடுப்பவன் கப்பம் கட்டுகிறவன். இரண்டில் எது தனக்கு வேண்டும் என்பதை, அடுத்த தவணை வருமுன் ஒவ்வொருவரும் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.